வேலிலைக்கு வைக்காத புள்ளி

முன்னொரு காலத்தில், எங்கே இருந்தது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டக்கூடிய ஒரு ராஜ்யத்தில், ஒரு ராஜா இருந்தார். அவருக்கு நாற்பத்திரண்டு பட்டப் பெயர்கள். கட்டியங்காரன் காலையில் சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் மதியச் சோறு ஆறிவிடும். ஒரு தடவை இருபத்தேழாவது பட்டத்தில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பக்கத்து நாட்டுத் தூதர் நின்றபடியே தூங்கிப்போய், கனவில் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

ராஜாவுக்கு ஒரே மகள். பெயர் குமுதவல்லி, வயது ஆறு. தாயில்லாப் பிள்ளை. அந்த நாற்பத்திரண்டு பட்டங்களில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அவர் அப்பா, அவ்வளவுதான்.

அதிலும் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள் அல்லவா? அப்படி எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். வைத்தால் எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். 'பல்' என்பதையும் 'பல' என்றுதான் எழுதுவார்கள். அது பல்லா பலவா என்பதை வாசிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. குமுதவல்லியோ எழுத்துக் கற்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணில் பட்டதைப் பட்டபடி வாசிப்பாள். ஓலையில் 'அபபா' என்று இருந்தால் அவள் வாயில் அது அ-ப-பா.

அப்பாவை விரட்டி விரட்டி அப்படியே கூப்பிடுவாள். யானைப்படைத் தளபதிகள் நிற்கிற சபையில் "அபபா, பசிககுது" என்று ஒரு குரல் கேட்கும். ராஜா சிரிக்கிற சிரிப்பில் குதிரை லாயம் வரைக்கும் அதிரும்.

இந்த விளையாட்டில் அவளுக்குக் கூட்டாளி அரண்மனை விகடகவி தாண்டவன். பெயர்தான் தாண்டவன், இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். ஆனால் வாய் இருக்கிறதே, அது வேறு. சபை மண்டபத் தூணில் செதுக்கிய யாளி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அது முன்பு வாயை மூடித்தான் இருந்ததாம். தாண்டவன் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தது, பிறகு மூட முடியவில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

"தாணடவன" என்று குமுதவல்லி கூப்பிடுவாள்.

"வநதேன" என்று அவன் காலை இழுத்துக்கொண்டு போய் நிற்பான்.

இரண்டு பேரும் நாள் முழுக்க இப்படிப் புள்ளியில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

அரண்மனை வைத்தியர் பரிமளப் பண்டிதர். அவர் தெருவில் வருவதற்கு ஒரு நாழிகை முன்னால் அவருடைய சந்தன வாசனை வந்து சேரும். பேருக்கேற்ற பகட்டு. அவருக்குத் தாண்டவனைக் கண்டால் ஆகாது. ஒரு முறை ராஜாவின் தலைவலிக்குப் பண்டிதர் ஏழு குடம் தைலம் தேய்த்தும் போகாமல், தாண்டவன் பண்டிதரைப் போலவே நடந்து காட்டியதும் போய்விட்டது. அதிலிருந்து அவருக்கு நெஞ்சில் ஒரு முள்.

பண்டிதர் குழந்தையின் நாடி பார்த்தார். பாட்டனார் காலத்து ஏட்டைப் பிரித்தார். காய்ச்சலுக்கு என்று இருந்த இடத்தில் ஒரு சொல் இருந்தது. அதை அப்படியே ஒரு துண்டு ஓலையில் கீறி, மூலிகை பறித்துத் தரும் பேச்சிக்கு அனுப்பினார்.

'வேலஇலை.'

பேச்சி காட்டோரத்துக்காரி. வாயில் மருந்துக்குக்கூட ஒரு சொல் வராது. மூலிகை ஏட்டை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அதுவே தொழிலுக்குப் போதும். அவள் ஓலையைப் பார்த்தாள். ல-வுக்குப் புள்ளி உண்டு என்று எடுத்துக்கொண்டாள். வேல் இலை. ஒரு கட்டு நொச்சி ஒடித்துக்கொண்டு வந்தாள். நொச்சித் தண்ணீரில் ஆவி பிடிக்க வைத்தார்கள். இரண்டாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கஞ்சி கேட்டாள். நான்காம் நாள் விடியும்போது அவள் இல்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததைச் சொன்னால் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். பட்டத்து யானை பதினாறு நாள் கரும்பைத் தொடவில்லை. அரண்மனைக் கிளிகள் பேசத் தெரியாத கிளிகளாகிவிட்டன. கோட்டை மணியை அடித்தால் ஓசை வரவில்லை, அடித்தவனின் விசும்பல்தான் வந்தது. ராஜா கட்டியங்காரனைக் கூப்பிட்டு, "இனிமேல் அந்தப் பட்டங்கள் எதுவும் வேண்டாம்" என்றார். "அரசே, ஓலைகளில் எப்படிக் கையொப்பமிடுவது?" என்று கேட்டதற்கு, "குமுதவல்லியின் அப்பா என்று எழுதுங்கள்" என்றார். அன்றிலிருந்து வரிக்குறைப்பு ஓலை, வாய்க்கால் வெட்டும் ஓலை எல்லாம் குமுதவல்லியின் அப்பா ஆணையாகவே போயின.

தாண்டவனும் சபைக்கு வந்தான். ஒரு ஓரமாக நின்றான். முப்பது நாள் வாயைத் திறக்கவில்லை. யாளி மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

முப்பத்தோராம் நாள் ராஜா பண்டிதரைப் பார்த்துக் கேட்டார். "பண்டிதரே, என் மகள் ஏன் போனாள்?"

இதற்குத் தெரியாது என்று ஒரு பதில் உண்டு. பண்டிதருக்கு அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ராஜாவின் கண்ணைப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டது.

"அரசே, சொல்லவே கூசுகிறது. அடியேன் எழுதியது வேல இலை." அவர் விரலை மடக்கினார். "வே, ல, இ, லை. வாயால் சொன்னால் நான்கு தட்டு. வேல மரத்தின் இலை. அந்தக் காட்டுக்காரி ல-வின் தலையில் இல்லாத புள்ளியை வைத்து, வேல், இ, லை என்று மூன்று தட்டாக்கிவிட்டாள். ஒரு புள்ளி, அரசே. அதுதான் குழந்தையைக் கொண்டுபோனது."

பேச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கையில் மண் காயாமல், இடுப்பில் பறித்த தழையோடு வந்து நின்றாள்.

"புள்ளியை நீ வைத்தாயா?" என்றார் ராஜா.

"வச்சுத்தான் படிச்சேன் ராசா. எங்க தொழில்ல வேலிலைன்னா அது ஒரு செடியோட பேரு இல்ல, இலையோட வடிவு. அடி அகலம், நுனி கூரு, வேல் முனையாட்டம். வட்டமா இருந்தா காசிலை, மாட்டுக் குளம்பாட்டம் இருந்தா குளம்பிலை. வேலிலைன்னு பார்த்தா அரளியும் வேலிலைதான், அது விஷம். நொச்சியும் வேலிலைதான், அது காய்ச்சலுக்கு. எதுன்னு கேக்கப் பண்டிதர் வீட்டுக்குப் போனேன். எழுதினபடி கொண்டுவாடின்னு உள்ள இருந்தே சொல்லி அனுப்பிட்டாரு."

"பொய்" என்றார் பண்டிதர்.

"காய்ச்சலுக்கு வேல மரத்து இலையை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல ராசா" என்றாள் பேச்சி. அவள் வாழ்நாளில் பேசிய மொத்தப் பேச்சும் அதோடு தீர்ந்துபோன மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

துக்கம் பிடித்தவருக்கு யாராவது ஒருவர் மேல் சாய்ந்துகொள்ள வேண்டும். ராஜா கோபத்தின் மேல் சாய்ந்துகொண்டார். "ஒரு வேல் இலையால் என் மகள் போனாள். இவளும் வேலாலேயே போகட்டும். நாளைக் காலை" என்றார்.

அப்போதுதான் தாண்டவன் ஓரத்திலிருந்து காலை இழுத்துக்கொண்டு வந்தான். "அரசே, இவளை விட்டுவிடுங்கள். புள்ளி வைத்து வாசிப்பது ஊர் முழுக்கச் செய்கிற காரியம்."

பண்டிதருக்குக் கண் மின்னியது. இத்தனை நாள் காத்திருந்த இடம். "அரசே, ஊர் முழுக்கச் செய்கிறதாம். அதனால்தானே இந்தக் கதி. இனி இந்த ராஜ்யத்தில் ஏட்டில் இல்லாத புள்ளியை எவரும் வாசிக்கக் கூடாது என்று ஆணையிட வேண்டும். நாளைக்கு இவளுடைய தண்டனை ஓலையைத் தாண்டவனே களத்தில் வாசிக்கட்டும். இவளுக்காகப் பரிந்து பேசுகிறவர் சொல்லை மாற்றிவிடக் கூடும். ஆகவே எழுதியது எழுதியபடி. எழுதாத புள்ளி ஒன்று வாயில் வந்தாலும் அவருடைய நாக்கு போக வேண்டும்."

ராஜா எங்கோ பார்த்துக்கொண்டு, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மறுநாள் கோட்டைக்கு வெளியே களத்தில் ஊரே கூடியது. நிற்க இடமில்லாமல் ஒருவர் நிழலில் இன்னொருவர் நின்றார்கள். நடுவில் பேச்சி. அவளுக்கு எதிரே வேலோடு ஒரு வீரன். அவன் பெண்ணுக்குப் பிரசவக் காய்ச்சல் வந்தபோது தழை கொடுத்தவள் இந்தப் பேச்சிதான். ராஜா ஆசனத்தில் கல்லைப் போல உட்கார்ந்திருந்தார்.

தாண்டவன் ஓலையை வாங்கினான். பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பண்டிதர், "ஏன் தாமதம்? வாசியும்" என்றார்.

தாண்டவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு குழந்தை விரல் வைத்து வாசிப்பதைப் போல, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான்.

"பே-ச-சி எ-ன-ப-வ-ள த-ப-பா-ன இலை த-ந-து..."

கூட்டத்தில் ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"...எ-ன மகளை-க கொ-ன-றா-ள. அவளை வே-ல கொ-ண-டு கு-த-து-க."

வேல் வீரன் திகைத்துப்போய் ராஜாவைப் பார்த்தான். "மகாராஜா, யாரை என்ன செய்யச் சொல்கிறார்? பேசசி என்று இங்கே யாரும் இல்லையே. குததுக என்றால் என்ன?"

பண்டிதர் பாய்ந்து வந்தார். "விகடம் செய்ய இதுவா இடம்? ஒழுங்காக வாசியும்."

"ஒழுங்காக என்றால்?"

"பேச்சி என்று வாசியும்."

"ச-வுக்குப் புள்ளி இல்லையே, பண்டிதரே. எனக்கு இருப்பது ஒரு நாக்கு."

"எழுதியிருப்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே. புள்ளி இல்லாவிட்டால் என்ன? இடம் பார்த்து, பொருள் பார்த்து, வாசிக்கிறவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்."

தாண்டவன் ஓலையைத் தாழ்த்தினான். "அதைத்தான் பண்டிதரே இவளும் செய்தாள்" என்றான்.

களத்தில் எல்லோருடைய தலையும் பண்டிதர் பக்கம் திரும்பியது. பண்டிதருடைய சந்தன வாசனைகூட அந்த நிமிஷம் நின்றுபோனது.

"இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது அரசே, அதையும் வாசித்துவிடுகிறேன்" என்றான் தாண்டவன். அவன் குரல் இப்போது விகடகவியின் குரலாக இல்லை.

"இது கு-மு-த-வ-ல-லி-யி-ன... அ-ப-பா ஆணை."

அ-ப-பா.

ராஜாவின் உதடு முதலில் அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. அவர் சிரித்தார். முப்பத்திரண்டு நாளாகப் பூட்டிக் கிடந்த சிரிப்பு, பழைய சிரிப்பு, குதிரை லாயம் வரைக்கும் போய் அதிர்ந்த அதே சிரிப்பு. குதிரைகள் காதை நிமிர்த்தின. கூட்டமும் சேர்ந்து சிரிக்க வாயெடுத்தது. அதற்குள் அந்தச் சிரிப்பு நடுவிலேயே உடைந்துவிட்டது. ராஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் போன அன்றுகூட அவர் அழவில்லை. அன்று களத்தில் விழுந்த கண்ணீருக்குக் கீழைவாய்க்கால் ஒரு முழம் ஏறியது என்பார்கள். ஒரு முழம் இல்லை, ஒரு சாண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெகுநேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தினார். "பண்டிதரே, என்னைப் பார்த்துச் சொல்லும். நீர் எழுதியது எந்த இலை?"

பண்டிதர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாது, அரசே. பாட்டனார் ஏட்டில் அப்படி இருந்தது. புள்ளி உண்டா இல்லையா என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அப்படியே எழுதி அனுப்பினேன். அவள் வந்து கேட்டபோது தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை."

"வேல மரத்து இலை கொடுத்திருந்தால் என் மகள் பிழைத்திருப்பாளா?"

பண்டிதர் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"பேச்சி, நீ சொல். வேறு எந்த இலையாவது?"

பேச்சி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

ராஜாவுக்குச் சாய்ந்துகொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பேச்சி அவரைப் பார்த்தாள். வாய் வராதவள், ஏதோ சொல்ல வேண்டும் என்று நினைத்தவள் போலப் பேசினாள். "ராசா, மூணாம் நாள் தழை கொண்டாந்தப்ப பாப்பா உக்காந்திருந்தா. கட்டுலேருந்து ஒரு நொச்சி இலையை உருவிக்கிட்டா. இதோட பேரு என்னன்னு கேட்டா. வேலிலைன்னேன். உடனே அதைக் கையில நிமித்திப் பிடிச்சுக்கிட்டு, வாசல்ல நிக்கிற சேவகனுக்கு இருக்கிற மாதிரி எனக்கும் வேல இருககுனு சொல்லிச் சிரிச்சா. அபபாவைக் குததப் போறேன்னா. நீங்க சபையில இருந்தீங்க. வர்றதுக்குள்ள தூங்கிட்டா."

ராஜா எழுந்து வந்தார். பேச்சியின் இடுப்பில் செருகியிருந்த தழையிலிருந்து ஒரு நொச்சி இலையை எடுத்தார். அடி அகலம், நுனி கூர். அதன் முனையைத் தன் உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்.

பிறகு எழுத்தாணியும் புது ஓலையும் கேட்டார். "தாண்டவா, இவளுக்கு விடுதலை எழுத வேண்டும். என்னால் நீளமாக எழுத முடியாது. என்ன எழுத?"

"பண்டிதர் எழுதியதையே எழுதுங்கள், அரசே. அந்த ஒரு சொல் போதும்."

ராஜா புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். அதே எழுத்துகள்தான், புள்ளி இல்லாமல். வேல் வீரனிடம் கொடுத்தார். அவன் வாங்கி எழுத்துக் கூட்டினான்.

"வே, ல, இ... மகாராஜா, ல-வுக்குப் புள்ளி இல்லை. என்ன செய்ய?"

"நீயே வைத்துக்கொள்" என்றார் ராஜா. "இடம் பார்த்து."

வீரன் பேச்சியைப் பார்த்தான். தன் கையில் இருந்ததைப் பார்த்தான். "வேல் இலை" என்று மெதுவாக வாசித்தான். பழைய பாட்டுகளில் இல்லை என்பது இலை என்றும் வரும், அது அவனுக்கும் தெரியும். "வேல்... இல்லை." வாசித்ததும் கையிலிருந்த வேலைத் தரையில் போட்டுவிட்டான். அது மண்ணில் விழுந்த சத்தம் ஏழு ஊருக்குக் கேட்டதாம். அதில் இரண்டு ஊருக்காவது நிச்சயம் கேட்டிருக்கும்.

பண்டிதரின் தலை போகும் என்று ஊர் எதிர்பார்த்தது. தாண்டவன்தான் தடுத்தான். "அவரைப் பேச்சியிடம் ஒப்படைத்துவிடுங்கள், அரசே. தெரியாது என்ற சொல்லை அவர் முதலில் எழுத்துக் கூட்டிப் பழகட்டும்." அதன்படி பரிமளப் பண்டிதர் மறுநாளிலிருந்து கூடை தூக்கிக்கொண்டு காட்டோரம் போனார். வேலிலை, காசிலை, குளம்பிலை என்று அவள் காட்டக் காட்டச் சொல்லிக்கொண்டு நடந்தார். சந்தனத்துக்குப் பதில் பச்சிலை வாசனை வந்தது. மருந்து ஏடுகளில் மட்டும் புள்ளி வைத்தே தீர வேண்டும் என்று ஒரு ஆணையும் பிறந்தது. அந்த ராஜ்யத்து மருந்து ஏடுகளைத் தூக்கி வெயிலில் பிடித்தால் வானத்து நட்சத்திரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியுமாம்.

வேல் மண்ணில் விழுந்த அன்று சாயங்காலம் சபை கலைந்த பிறகு ராஜா தாண்டவனை நிறுத்தினார். "நீ என்னைச் சிரிக்க வைத்தாய். அழவும் வைத்தாய். என்ன வேண்டும், கேள். ஊர் வேண்டுமா, யானை வேண்டுமா? நாற்பத்திரண்டு பட்டங்கள் சும்மா கிடக்கின்றன, வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்."

"அவ்வளவையும் தூக்கிக்கொண்டு இந்தக் காலால் நடக்க முடியாது, அரசே."

"அப்படியானால் வேறு ஏதாவது."

தாண்டவன் தூணிலிருந்த யாளியை நிமிர்ந்து பார்த்தான். "தினமும் ஒரு தடவை, சபைக்கு வந்ததும், நீங்கள் என்னைப் புள்ளி இல்லாமல் கூப்பிட வேண்டும்" என்றான்.

ராஜா தலையசைத்தார்.

மறுநாள் காலை சபை நிறைந்திருந்தது. ராஜா ஆசனத்தில் அமர்ந்தார். ஓரத்தில் நின்றவனைத் தேடிப் பார்த்தார். கூப்பிட்டுப் பழகாத நாக்கு, இரண்டு முறை தடுமாறியது.

"தாணடவன."

தூணோரத்தில் ஒரு கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"வநதேன."